சார்லி பார்க்கரைக் கேட்கத் தொடங்குவது எப்படி: தொகுப்பு ஆல்பம் வாங்கும் மும்பைத் தமிழர்களுக்கு

சாக்ஸபோன் என்றதும் நம்மவர்களுக்குக் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அவர் வாசித்த ஆல்ட்டோ சாக்ஸபோனை ஜாஸில் கேட்கவேண்டும் என்ற ஆசையில் விசாரித்தால், பெரும்பாலும் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர், அமெரிக்கக் கலைஞரான சார்லி பார்க்கர். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. பெயரைத் தேடினால் எண்ண முடியாத அளவுக்கு ஆல்பங்கள் வந்து நிற்கும். அட்டைப்படங்கள் வேறு, உள்ளே பாட்டுகள் ஒன்றே. ஒரே தலைப்பு நான்கு முறை வரும், நான்கும் வெவ்வேறு வாசிப்பாக இருக்கும். தவறான தொகுப்பைத் திறந்து, பத்து நிமிடம் கேட்டு, ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று மூடிவிடுகிறவர்கள் அதிகம். குறை அவர்கள் காதிலும் இல்லை, பார்க்கரிடமும் இல்லை. கேட்ட வரிசைதான் தவறு. கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்தால் மூன்று வாரத்தில், கிட்டத்தட்ட செலவே இல்லாமல், அவருடைய வாசிப்பு உங்கள் காதுக்குப் பழகிவிடும்.

1. ‘ஒரிஜினல் ஆல்பம் எது?’ என்று தேடாதீர்கள்

பல இசைக்கலைஞர்கள் விஷயத்தில் தொகுப்பை விட்டுவிட்டு மூல ஆல்பத்துக்குப் போவதுதான் நல்லது. பார்க்கருக்கு அது பொருந்தாது. அவர் பதிவு செய்தவற்றில் முக்கியமான பெரும்பகுதி 78 சுழற்சி இசைத்தட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும். நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு சந்தைக்கு வந்ததே 1948-இல். அதனால் அவர் 1940-களில் வாசித்தவற்றுக்கு ‘ஆல்பம்’ என்று ஒன்று கிடையாது. இன்று எல்.பி.யாகவோ சி.டி.யாகவோ கிடைப்பதெல்லாம் யாரோ பிற்பாடு கோத்தவை. தொகுப்பு வழியாக அவரிடம் போவதுதான் நேர்வழி. எந்தத் தொகுப்பு என்பதே கேள்வி.

இதற்கு மூன்று கம்பெனிகளின் பெயர்கள் தெரிந்தால் போதும். சவாய் கம்பெனிக்கு 1944 முதல் 1948 வரை. டயல் கம்பெனிக்கு 1946, 1947. பிறகு நார்மன் கிரான்ஸ் என்ற தயாரிப்பாளருக்காக 1940-களின் கடைசியிலிருந்து 1954 வரை. இந்தக் கடைசிப் பகுதி மெர்க்குரி, கிளெஃப், நார்கிரான் என்று பல முத்திரைகளில் வந்து, இப்போது வெர்வ் என்ற பெயரின் கீழ் கிடைக்கிறது. ஒரு கம்பெனியின் பதிவுகளை மட்டும் கோத்த தொகுப்புக்கு ‘பெஸ்ட் ஆஃப்’ என்று பெயர் வைத்திருந்தாலும் அதில் இருப்பது பார்க்கரின் ஒரு பங்குதான். முதலில் கேட்கும் தொகுப்பில் மூன்றும் கலந்திருக்கவேண்டும்.

2. பின்னட்டையில் நான்கு விவரங்களைப் பாருங்கள்

அரசு அலுவலகத்துக்குப் போகுமுன் ஆவணங்களைச் சரிபார்ப்பது போல, காசு கொடுக்குமுன் இந்த நான்கையும் சரிபாருங்கள்: பதிவான தேதி, வாசித்தவர்களின் பெயர்கள், முதலில் வெளியிட்ட கம்பெனி, டேக் எண்.

தேதி ஏன் முக்கியம் என்றால், பார்க்கர் ஒரே மெட்டைப் பல ஆண்டுகள் இடைவெளியில் பதிவு செய்திருக்கிறார். ‘நவ்’ஸ் த டைம்’ என்ற பெயரில் ஸ்டுடியோப் பதிவுகளாகவே இரண்டு காலத்தவை உண்டு. 26 நவம்பர் 1945-இல் பதிவானதில் இளம் வயது மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் கேட்கும். 1953-இல் கிரான்ஸுக்காகப் பதிவானதில் டிரம்பெட்டே இல்லை, நால்வர் மட்டும்தான். இரண்டும் நன்றாக இருக்கும். எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டால் மட்டும் குழப்பம்.

வாசித்தவர்கள் பட்டியல் இன்னொரு தவறிலிருந்து காப்பாற்றும். ‘கோ-கோ’ என்று தேடினால் டியூக் எலிங்டன் குழுவின் 1940 பதிவும் வரும். பெயர் ஒன்றுதான், பாட்டு முற்றிலும் வேறு. அதேபோல் ‘மைல்ஸ்டோன்ஸ்’. 1947-இல் மைல்ஸ் டேவிஸ் பெயரில் சவாய்க்குப் பதிவானதில் பார்க்கர் இருக்கிறார், அதுவும் ஆல்ட்டோவில் இல்லை, டெனர் சாக்ஸபோனில். 1958-இல் மைல்ஸ் வெளியிட்ட அதே பெயருள்ள பாட்டு வேறு. அப்போது பார்க்கர் உயிரோடு இல்லை, 1955-இலேயே இறந்துவிட்டார்.

டேக் எண் என்பது, ஒரே நாளில் ஒரே பாட்டை எத்தனையாவது முறை வாசித்தது என்பதற்கான எண். நல்ல தொகுப்புகளில் 5853-2 என்பது போல அச்சிட்டிருப்பார்கள். இது சவாயின் ‘கோ-கோ’. கோட்டுக்கு முன்னால் இருப்பது பாட்டுக்குக் கொடுத்த எண், பின்னால் இருப்பது இரண்டாவது டேக் என்பதற்கான அடையாளம். வெளியிடத் தேர்ந்தெடுத்த டேக்கை ‘மாஸ்டர் டேக்’ என்பார்கள், மற்றவை ‘ஆல்டர்நேட் டேக்’. முதல் முறை கேட்பவருக்கு மாஸ்டர் டேக் மட்டுமே போதும்.

இந்த நான்கு விவரங்களில் ஒன்றுகூட அச்சிடாத தொகுப்பை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். விவரம் போடாதவர்கள் ஒலியைச் சுத்தப்படுத்துவதிலும் அக்கறை காட்டியிருக்க வாய்ப்பு குறைவு.

3. எதை எடுப்பது, எதை இப்போதைக்குத் தொடாமல் இருப்பது

மூன்று கம்பெனிகளையும் தாண்டிக் கோத்தவற்றில் ரைனோ 1997-இல் வெளியிட்ட ‘யார்ட்பேர்ட் சூட்: த அல்டிமேட் சார்லி பார்க்கர் கலெக்‌ஷன்’ என்ற இரண்டு சி.டி. தொகுப்பு தொடங்குவதற்கு மிக ஏற்றது. கடையில் புதிதாகக் கிடைக்காவிட்டால் பழைய பிரதி தேடலாம். அல்லது அதன் பாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஸ்ட்ரீமிங்கில் நீங்களே ஒரு பிளேலிஸ்ட் செய்துகொள்ளலாம். வெர்வ் பகுதியை மட்டும் கேட்க ‘கன்ஃபர்மேஷன்: பெஸ்ட் ஆஃப் த வெர்வ் இயர்ஸ்’ என்ற 1995 தொகுப்பு உண்டு, அதுவும் இரண்டு சி.டி. சவாயும் டயலும் சேர்ந்த தொகுப்பு என்றால் பெயரில் ‘மாஸ்டர் டேக்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் சொல் ‘கம்ப்ளீட்’. முழுவதும் கிடைக்கிறதே என்று ஆசையாகத்தான் இருக்கும். சவாயும் டயலும் சேர்ந்த முழுத் தொகுப்பு எட்டு சி.டி. வெர்வின் முழுத் தொகுப்பு பத்து சி.டி. இவற்றைக் காலவரிசையில் அடுக்கும்போது ஒவ்வொரு டேக்கும் அடுத்தடுத்து வரும், பாதியில் நின்றுபோன டேக் உட்பட. சவாய் வரிசை 15 செப்டம்பர் 1944-இல் தொடங்குகிறது. அன்றைய பதிவு கிட்டார் வாசிப்பவரான டைனி கிரைம்ஸின் பெயரில் நடந்தது. ஆகவே முதல் சி.டி.யைப் போட்டால் ‘டைனி’ஸ் டெம்போ’வே திரும்பத் திரும்ப வரும், பிறகு டைனி கிரைம்ஸ் பாட ஆரம்பித்துவிடுவார். பார்க்கரைத் தேடி வந்தவர் அரைமணி நேரத்தில் களைத்துப்போவார். முழுத் தொகுப்பு ஆய்வு செய்பவர்களுக்கும் ஏற்கெனவே காதல் கொண்டவர்களுக்கும் உரியது. ஓர் ஆண்டு கழித்து அதற்கு வாருங்கள், அப்போது அது பொக்கிஷமாகத் தெரியும்.

தவிர்க்கவேண்டியவை இன்னும் சில உண்டு.

டீன் பெனடெட்டி பதிவுகள்: ரசிகர் ஒருவர் கிளப்புகளில் பார்க்கர் தனியாக வாசிக்கும் பகுதிகளை மட்டும் பதிவு செய்தவை. 1990-இல் ஏழு சி.டி.யாக வந்தன. ஒரு பாட்டுக்குத் தலையும் இருக்காது வாலும் இருக்காது.

பார்க்கரின் வாழ்க்கையைச் சொல்லும் ‘பேர்ட்’ (அவருடைய பட்டப்பெயர்) என்ற 1988 ஆங்கிலப் படத்தின் இசை ஆல்பம்: சாக்ஸபோன் பார்க்கருடையதுதான், பழைய பதிவிலிருந்து பிரித்தெடுத்தது. உடன் வாசிப்பவர்கள் பல பாட்டுகளில் 1980-களில் புதிதாக வாசித்துச் சேர்க்கப்பட்டவர்கள். அதைப் பார்க்கர் குழுவின் ஒலி என்று எண்ணிப் பழகிவிடாதீர்கள்.

வானொலி ஒலிபரப்பைப் பிடித்துவைத்த பதிவுகள்: வாசிப்பு அபாரமாக இருக்கும். இரைச்சலைத் தாண்டிக் கேட்கக் காது பழகியிருக்கவேண்டும்.

இத்தனை தொகுப்புகள் ஏன் குவிந்தன என்பதற்குச் சட்டம்தான் காரணம். ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை நெடுங்காலம் 50 ஆண்டாக இருந்தது. 2013-இல் 70 ஆக்கியபோது, ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு உரிமை திரும்ப வரவில்லை. இந்தியச் சட்டத்தில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆகவே பார்க்கர் வாழ்ந்த காலத்தில் வெளியான தட்டுகளை இங்கெல்லாம் யார் வேண்டுமானாலும் மறுபடி வெளியிடலாம். சிலர் நல்ல மூலத்தைத் தேடி எடுத்து உழைத்து வெளியிடுகிறார்கள். பலர் இன்னொருவரின் சி.டி.யிலிருந்து நகல் எடுத்து, இரைச்சலை மென்பொருளால் துடைத்துவிட்டு விற்கிறார்கள்.

4. ஒலியைச் சோதியுங்கள்: தம்புரா ஆப் போதும்

இரண்டு சோதனைகள். ஐந்து நிமிடம் ஆகாது.

முதலாவது சிம்பல் சோதனை. ‘கோ-கோ’வைப் போட்டு, ஆல்ட்டோ ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் டிரம்ஸ் வாசிக்கும் மேக்ஸ் ரோச்சின் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தகடு) கேட்கிறதா என்று கவனியுங்கள். ‘ச்சிங்’ என்ற ஓசை தனியாகத் தெரிந்தால் நல்ல பிரதி. மேல் ஸ்தாயி ஒலிகள் காணாமல் போய், சாக்ஸபோன் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலிருந்தால் இரைச்சலோடு இசையையும் துடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். சற்று இரைச்சல் இருக்கும் பிரதியே மேல்.

இரண்டாவது ஸ்ருதிச் சோதனை. இது நம் வீடுகளில் எளிது. 78 தட்டை வேகம் தவறிப் படியெடுத்தால் ஸ்ருதி ஏறும் அல்லது இறங்கும். ‘நவ்’ஸ் த டைம்’ 1945 பதிவு எஃப், அதாவது நம் கணக்கில் 4 கட்டை. ‘பார்க்கர்’ஸ் மூட்’ பி ஃபிளாட், 6½ கட்டை. தம்புரா ஆப்பில் அந்தக் கட்டையை வைத்துவிட்டு பாட்டைப் போடுங்கள். சற்று முன்பின் இருப்பது பழைய பதிவுகளில் இயல்பு. அரைக் கட்டை அளவுக்கு விலகினால் அந்தப் பிரதி வேண்டாம். வேகம் கூடினால் சாக்ஸபோன் கீச்சிடும். பார்க்கரின் ஒலி கூர்மையானது, ஆனால் கீச்சுக்குரல் கிடையாது. பலர் அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு இப்படிப்பட்ட பிரதிகள் ஒரு காரணம்.

எல்.பி. அட்டையில் ‘எலக்ட்ரானிக்கலி ரீசேனல்டு ஃபார் ஸ்டீரியோ’ என்று போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இவையெல்லாம் மோனோவில் பதிவானவை. பிற்பாடு செயற்கையாக இரண்டாகப் பிரித்ததில் ஒலி குகைக்குள் எதிரொலிப்பது போலாகிவிடும். மோனோ என்பது குறையில்லை. அதில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. இரண்டு காதிலும் ஒன்றே வருவதால், ஒரு காதில் மட்டும் இயர்பட் மாட்டிக்கொண்டாலும் இசையில் எதுவும் தவறிப்போகாது. பிளாட்பாரத்திலும் சாலையிலும் இன்னொரு காது திறந்தே இருக்கட்டும்.

ஃபோனில் ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், பாட்டுக்குப் பாட்டு கலக்கும் கிராஸ்ஃபேடு ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஷஃபிளும் வேண்டாம்.

5. மூன்று வார வரிசை

மொத்தம் பன்னிரண்டு பாட்டுகள், நாற்பது நிமிடத்துக்குள் அடங்கும். ஆனால் ஒரே அமர்வில் கேட்டு முடிக்காதீர்கள். வாரத்துக்கு நான்கு, ஒவ்வொன்றையும் குறைந்தது ஐந்தாறு முறை. ஸ்லோ லோக்கலில் போகிறவர்களுக்கு இது தோதான நீளம், ஓரிரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் ஒன்று முடிந்துவிடும். ரயில் சத்தத்தில் டபுள் பாஸ் காணாமல் போகும் என்பதால், ஒவ்வொரு பாட்டையும் ஒரு முறையாவது வீட்டில் ராத்திரி அமைதியில் கேளுங்கள்.

முதல் வாரம்: ‘ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’, ‘நவ்’ஸ் த டைம்’ (1945), ‘பார்க்கர்’ஸ் மூட்’, ‘யார்ட்பேர்ட் சூட்’.

‘ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’ 30 நவம்பர் 1949-இல் வயலின்களும் ஓபோ என்ற ஊதுகருவியும் சூழப் பதிவானது. மெட்டு தெளிவாக இருக்கும். அதைப் பார்க்கர் எங்கே விடுகிறார், எப்போது திரும்ப வந்து தொடுகிறார் என்பது முதல்முறை கேட்பவருக்கும் புரியும். இதில் தொடங்குவதை ஜாஸ் ரசிகர்களில் சிலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், வயலின் சேர்த்தது அலங்காரம் என்பார்கள். புதியவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது என்பதே என் துணிபு.

அடுத்து ‘நவ்’ஸ் த டைம்’. இதற்குக் கையைப் பயன்படுத்துங்கள். இது பன்னிரண்டு பார் கொண்ட, புளூஸ் என்ற சுற்று வடிவம். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை, ஆக ஒரு சுற்றுக்கு 48. ஆதி தாளத்தில் வைத்தால் சரியாக ஆறு ஆவர்த்தனம். முன்னிசை முடிந்து ஆல்ட்டோவும் டிரம்பெட்டும் சேர்ந்து மெட்டைத் தொடங்கும் இடத்திலிருந்து தாளம் போடுங்கள். முதல் இரண்டு ஆவர்த்தனம் சொந்த இடத்திலேயே நிற்கும். மூன்றாவதில் அடியிலிருக்கும் ஸ்வரக்கூட்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், ஆங்கிலத்தில் ‘கார்ட்’) இடம் மாறும், நான்காவதில் வீடு திரும்பும், ஐந்தாவதில் அதிக தூரம் போய் ஆறாவதில் வந்து சேரும். பிறகு அதே சுற்று மறுபடி. ஸ்வரக்கூட்டு மாறும் இடத்தைப் பெயர் சொல்லத் தெரியவேண்டாம், காது உணர்ந்தால் போதும். மெட்டு முடிந்தபின் பார்க்கர் தனியாக வாசிக்கும்போதும் தாளத்தை விடாதீர்கள். அவர் எங்கே போனாலும் ஆறாவது ஆவர்த்தனம் முடியும் இடம் மாறாது. கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த இடம்தான் முதலில் பிடிபடும். அவர் ஒரு ராகத்துக்குள் நின்று விரிக்கவில்லை, காலடியில் மாறிக்கொண்டே இருக்கும் ஸ்வரக்கூட்டுகளைத் தொட்டுத் தொட்டு வாசிக்கிறார். ராகம் எது என்று தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள்.

‘பார்க்கர்’ஸ் மூட்’ (18 செப்டம்பர் 1948) அதே ஆறு ஆவர்த்தனச் சுற்று, மிக மெதுவாக. டிரம்பெட் கிடையாது. தொடக்கத்தில் ஆல்ட்டோ விடும் அழைப்பு கடைசியிலும் வரும். அதற்கு நடுவில் அவர் மூச்சு விடும் இடங்களைக் கவனியுங்கள்.

இரண்டாம் வாரம்: ‘எம்பிரேசபிள் யூ’வின் இரண்டு டேக்குகள், ‘ஆர்னித்தாலஜி’, ‘எ நைட் இன் துனிஷியா’.

ஆல்டர்நேட் டேக் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு. 28 அக்டோபர் 1947-இல் டயலுக்காக ஒரே நாளில் வாசித்த இரண்டு டேக்குகளும் வெளியாகியிருக்கின்றன, ஏ என்றும் பி என்றும் குறித்திருப்பார்கள். மெட்டு கெர்ஷ்வின் என்ற அமெரிக்க இசையமைப்பாளருடையது. ஏ டேக்கில் அந்த மெட்டை அவர் தொடுவதே அரிது. பி டேக்கில் அதே பாட்டு வேறு வாக்கியங்களாக வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒத்திகை பார்த்து மனப்பாடம் செய்து வாசிக்கவில்லை, அந்த நேரத்தில் மனத்திலிருந்து எடுக்கிறார் என்பது தெளிவாகும். எத்தனை கட்டுரை படித்தாலும் இது இவ்வளவு நேராகப் புரியாது.

‘எ நைட் இன் துனிஷியா’ 28 மார்ச் 1946. எல்லோரும் வாசிப்பை நிறுத்திவிட, நான்கு பார் நேரத்துக்குப் பார்க்கர் மட்டும் தனியாகப் பாயும் இடம் ஒன்று உண்டு. தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டிருங்கள், மற்றவர்கள் திரும்பச் சேரும் அடியில் நீங்களும் சரியாக இருக்கிறீர்களா பாருங்கள். உங்கள் தொகுப்பில் ‘ஃபேமஸ் ஆல்ட்டோ பிரேக்’ என்று ஒரு நிமிடம்கூட வராத ஒரு துண்டு இருந்தால், ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். அது வெளியிடாமல் விட்ட டேக்கிலிருந்து அந்த இடத்துக்காகவே காப்பாற்றி வைத்த துண்டு.

‘ஆர்னித்தாலஜி’யின் அடியில் இருப்பது ‘ஹவ் ஹை த மூன்’ என்ற பழைய பாட்டின் ஸ்வரக்கூட்டு வரிசை. இப்படிப் பழைய வரிசையின் மேல் புது மெட்டு கட்டுவது அன்றைய ஜாஸ் கலைஞர்களிடையே வழக்கம். மெட்டு புதிது என்றால் பழைய பாட்டுக்காரருக்கு உரிமைத்தொகை தரவேண்டியதில்லை என்பது கம்பெனிகளுக்கு வசதியாக இருந்தது. ‘டோனா லீ’யின் அடியில் ‘இண்டியானா’, ‘குவாசிமோடோ’வின் அடியில் நீங்கள் இப்போது கேட்ட ‘எம்பிரேசபிள் யூ’. நேரமிருந்தால் ‘குவாசிமோடோ’வை இந்த வாரமே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வாரம்: ‘ரிலாக்ஸின் அட் கமாரியோ’, ‘புளூம்டிடோ’, ‘கன்ஃபர்மேஷன்’ (1953), கடைசியாக ‘கோ-கோ’.

‘கோ-கோ’வை முதல் நாளே கேட்டு மிரண்டவர்கள் உண்டு. மூன்று நிமிடத்துக்குள் முடியும் அந்தப் பாட்டு, நொடிக்கு ஐந்து எண்ணிக்கை என்ற அளவில் ஓடுகிறது. அடியில் இருப்பது ‘செரோக்கி’ என்ற பாட்டின் 64 பார் வரிசை. பார்க்கர் அதை இரண்டு முழுச் சுற்று வாசிக்கிறார், பிறகு டிரம்ஸ் தனி. எல்லா எண்ணிக்கைக்கும் கை போட முயலாதீர்கள். நான்குக்கு ஒன்றாகத் தட்டினால் கை சௌகரியமாக வரும், காதும் தெளியும். மூன்று வாரம் பழகிய காதுக்கு இதில் வாக்கியங்கள் கேட்கும். பழகாத காதுக்கு வேகம் மட்டும் கேட்கும்.

‘லவர் மேன்’ (29 ஜூலை 1946) பல தொகுப்புகளில் முன்வரிசையில் இருக்கும். பன்னிரண்டும் முடியும்வரை அதைத் தள்ளிவையுங்கள். அன்று பார்க்கர் உடல்நிலை மிக மோசமாக இருந்த நிலையில் வாசித்தார். அதன்பின் கமாரியோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்தப் பதிவு வெளியானதை அவரே விரும்பவில்லை. ‘ரிலாக்ஸின் அட் கமாரியோ’ அங்கிருந்து வெளிவந்தபின், 26 பிப்ரவரி 1947-இல் வாசித்தது. இதை முதலில் கேட்டுவிட்டு அதற்குப் போவது அவருக்குச் செய்யும் மரியாதை.

6. செலவு

முதல் மூன்று வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள். இலவசமாகக் கேட்கக் கிடைப்பதே போதும், விளம்பரம் குறுக்கே வரும், அவ்வளவுதான். விளம்பரம் வேண்டாமென்றால் ஸ்ட்ரீமிங் சந்தா ஒருவருக்கு மாதம் நூறிலிருந்து முந்நூறு ரூபாய்க்குள் முடியும். ஸ்ட்ரீமிங்கில் ஒரு பொறி உண்டு. ஆல்பத்தின் பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டு பெரும்பாலும் அந்தத் தொகுப்பு வெளியான ஆண்டு, பதிவான ஆண்டு இல்லை. பதிவுத் தேதிகளுக்கு டிஸ்காக்ஸ் (Discogs) என்ற இசைத்தட்டு விவரத் தளத்தில் தொகுப்பின் பெயரையோ பார்கோடு எண்ணையோ போட்டுப் பாருங்கள். பின்னட்டைப் படமே பெரும்பாலும் கிடைக்கும்.

எல்.பி. வாங்கும் ஆசை வந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புது இறக்குமதித் தட்டு 2,500 ரூபாயை ஒட்டித் தொடங்கும், 4,000-ஐத் தாண்டுவதும் உண்டு. காந்த கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) உள்ள தொடக்கநிலை டர்ன்டேபிள் 15,000-ஐ ஒட்டி. பெட்டி வடிவில் வரும் மலிவுப் பிளேயர்களில் ஊசியின் பாரம் அதிகம், தட்டு சீக்கிரம் தேயும். விலையுயர்ந்த தட்டை அதில் போடவேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் தட்டின் விலையோடு தபால் செலவும் சுங்க வரியும் சேரும். ஒரே ஒரு தட்டுக்கு இது கட்டுப்படியாகாது. நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் தபால் செலவு பங்காகும். கூரியரில் வந்தால் கேஒய்சி கேட்பார்கள். ஆதார், பான், பாஸ்போர்ட் இவற்றில் கேட்டதன் ஸ்கேன் பிரதியைத் தயாராக வைத்திருங்கள். பார்சலில் இருக்கும் பெயரும் ஆவணத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். நமக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு: இனிஷியல் முன்னால் ஓரிடம், அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஓரிடம். ஆர்டர் போடும்போதே ஆவணத்தில் உள்ளபடி எழுதுங்கள், இல்லாவிட்டால் பார்சல் சுங்கத்தில் தங்கிவிடும். தபாலில் வர மூன்று வாரம் முதல் ஒன்றரை மாதம்வரை பிடிக்கலாம்.

சோர் பஜார் போகிறவர்கள்: மட்டன் ஸ்ட்ரீட் கடைகள் வெள்ளிக்கிழமை விடுமுறை. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். பெரும்பாலும் இந்திப் படத் தட்டுகள்தான். ஜாஸ் கிடைப்பது அதிர்ஷ்டம், பார்க்கர் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். தட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகம் தடுக்கும் கீறல் இருந்தால் வேண்டாம். 78 தட்டு கண்ணில் பட்டால் அழகுக்காக வாங்கலாம், ஆனால் சாதாரண எல்.பி. ஊசியில் போடக்கூடாது. அதன் பள்ளம் அகலம், மூன்று மடங்கு பருமனான ஊசி வேண்டும். இப்போது விற்கும் பல டர்ன்டேபிள்களில் 78 வேகமே இருக்காது. 78 தட்டுகள் அரக்கில் செய்தவை, கீழே விழுந்தால் உடையும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் மேற்பரப்பே கரைந்துவிடும்.

7. மழைக்காலம்

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பை ஈரத்தில் அட்டையில் பூஞ்சை பிடிக்கும், பிறகு தட்டுக்கும் பரவும். தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். இறுக்கமான பிளாஸ்டிக் உறைகள் ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும், இந்த நான்கு மாதம் கழற்றிவிடுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை மாதம் ஒருமுறை மாற்றவேண்டும். சி.டி.க்கு இந்தத் தொல்லை குறைவு, உள்ளே இருக்கும் குறிப்புப் புத்தகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல தொகுப்பில் பாதி மதிப்பு அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

8. தொகுப்பு முடிந்தபின்

இதுவரை கேட்டதெல்லாம் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் அடக்கியவை. நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அவர் எப்படி வாசித்தார் என்று கேட்க, 15 மே 1953-இல் டொரண்டோ நகரின் மாஸ்ஸி ஹாலில் நடந்த கச்சேரிக்குப் போங்கள். உடன் வாசித்தவர்கள் டிஸ்ஸி கில்லெஸ்பி (டிரம்பெட்), பட் பவல் (பியானோ), சார்ல்ஸ் மிங்கஸ் (டபுள் பாஸ்), மேக்ஸ் ரோச் (டிரம்ஸ்). அன்று பார்க்கர் கையில் இருந்தது பிளாஸ்டிக்கில் செய்த சாக்ஸபோன். ஒப்பந்தக் காரணத்தால் பழைய உறையில் அவர் பெயர் ‘சார்லி சான்’ என்று இருக்கும், வேறு ஆள் என்று நினைத்துத் திருப்பிவைத்துவிடாதீர்கள்.

நேரில் கேட்கவும் வழி உண்டு. நரிமன் பாயிண்டில் என்சிபிஏ அரங்குகளின் நிகழ்ச்சிப் பட்டியலை மாதத்தின் தொடக்கத்தில் பார்த்துவிடுங்கள். ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினம், அதையொட்டிய வாரங்களில் கூடுதலாகவே கவனியுங்கள். பார்க்கரின் மெட்டுகளை ஜாஸ் குழுக்கள் இன்றும் வாசிக்கின்றன. பெயர் சொல்லாமலே ‘நவ்’ஸ் த டைம்’ தொடங்கினாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும், ஆறு ஆவர்த்தனம் எங்கே முடியும் என்றும் தெரியும். டிக்கெட் எடுக்குமுன் கடைசி லோக்கல் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். முலுண்டு, டோம்பிவிலி வரை போகவேண்டியவர்கள் சர்ச்கேட் பக்கம் போகாமல் நேராக சிஎஸ்எம்டிக்கு டாக்ஸி பிடிப்பது நல்லது.